பேர் கூப்பிடும் நேரம்

அழுக்கு விரிப்பை உதறும்போது கண்ணைவிடக் காதுதான் முக்கியம். துணிக்குள் சுருண்டு வந்த ஊசியோ, சின்னக் கத்தரியோ, யாரோ கழற்றி வைத்து மறந்த பல்செட்டோ சிமெண்டுத் தரையில் விழுந்தால் சத்தம் கேட்கும். கேட்காமல் மெஷினுக்குள் போய்விட்டால் மெஷின் நின்றுவிடும். சூப்பர்வைசரின் வாய் நிற்காது. ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அந்தச் சலவை அறையில் நான்கு பேர் வேலை பார்த்தார்கள். ரத்தம் பட்டது ஒரு தொட்டி, படாதது ஒரு தொட்டி, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி தனி. பிரித்துப் போடுவது அவள் வேலை. அவளை எல்லோரும் போட்டோ என்று கூப்பிட்டார்கள்.

அந்தப் பேர் வந்தது போன வருஷம். அப்போது அவள் மூன்றாம் மாடியில், பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்தாள். திருநங்கை ஒருத்தியை வேலைக்கு எடுத்ததில் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒருநாள் ஊசிக்குப் பயந்த ஒரு கிழவி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியைப் படம் எடுக்க வந்திருந்த போட்டோக்காரம்மா அந்த நொடியைப் பிடித்துவிட்டாள். ஜன்னல் வெளிச்சம், வெள்ளைச் சீருடை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கைகள். படம் பத்திரிகையில் வந்தது, பரிசு வாங்கியது, இந்த வருஷம் ஆஸ்பத்திரி நாட்காட்டியிலும் ஏறிவிட்டது. படத்துக்குக் கீழே 'அன்பின் கை' என்று போட்டிருந்தார்கள்.

கிழவியின் மருமகள் அந்தப் பத்திரிகைப் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அதே வாரம் புகார்ப் புத்தகத்தில், அத்தையைக் குளிப்பாட்ட வேறு ஆள் வேண்டும் என்றும் எழுதினாள். 'உனக்கு எதுக்கும்மா சங்கடம்?' என்று சொல்லித்தான் சூப்பர்வைசர் அவளை அடித்தளத்துக்கு மாற்றினார்.

ஆனாலும் அந்தப் படத்தின்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. படம் வருவதற்கு முன்னால் வாசல் காவலாளி அவளை 'ஏய்' என்றுதான் நிறுத்துவான். இப்போது எழுந்து சல்யூட் வைக்கிறான். டீக்கடையில் உள்ளே உட்காரச் சொல்கிறார்கள். முப்பத்திரண்டு வயதில் முதல்முறையாக முகம் தெரியாதவர்கள் அவளை 'வாங்க, போங்க' என்கிறார்கள். அதை நம்பித்தான் அவள் அம்மாவிடம் சொன்னாள்: "அந்த ஆஸ்பத்திரிக்கு இனிமே போகாதம்மா. எங்க ஆஸ்பத்திரிக்கு வா. உன் பேர்லயே வந்து படுக்கலாம்."

அம்மா பெற்ற அம்மா இல்லை. பதினாறு வயதில் வீட்டை விட்டு அடித்துத் துரத்தப்பட்டு பஸ் நிலையத்தில் நின்றவளை மகளாக எடுத்துக்கொண்டவள். அவளும் திருநங்கைதான். கடை கடையாக நடந்து, கை தட்டிக் கேட்டு, அந்த நடையிலேயே மகளை வளர்த்தவள். இப்போது அறுபதை நெருங்கும்போது சர்க்கரை காலில் இறங்கி, பாதத்தில் புண் வந்துவிட்டது. நகரத்தின் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பழைய ஆண் பேரைச் சொல்லி, ஆண்கள் வார்டில் ஒரு கட்டில் நம்பராகப் படுத்து எழுந்து வருவாள். வந்து இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டாள்.

அன்று காலை ஏழரைக்கு அம்மாவின் போன் வந்தது. "வந்துட்டேன்டி. வாசல்ல உன் ஆளு சல்யூட் வைக்கிறான். எனக்கா ஆட்டோவுக்கான்னு தெரியல." குரல் சிரித்தாலும் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. காய்ச்சல்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். புண்ணின் கட்டைப் பிரித்ததும் முகத்தைச் சுளிக்காமல் குனிந்து பார்த்தார். பாதம் வீங்கிப் பளபளத்தது. சிவப்பு கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, சிவப்பு முடியும் இடத்தில் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. இப்ப எட்டு மணிக்கு ஒரு ஊசி போடறேன். இனிமே எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. ஒண்ணுகூடத் தவறக் கூடாது. தவறினா காலை எடுக்க வேண்டி வரும்."

"கால எடுத்துட்டா எத வச்சு நடக்கறது தம்பி?" என்றாள் அம்மா. "என் பொழப்பே நடைதான்."

"அதுக்குத்தான் சொல்றேன். அட்மிஷன் போட்டுட்டு உடனே வார்டுக்குப் போங்க."

அட்மிஷன் குமாஸ்தாவின் தலைக்கு மேலே நாட்காட்டி தொங்கியது. அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்கதானே இது?" என்று எழுந்தே நின்றுவிட்டார். புது விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். "போன மாசம்தான் இத அச்சடிச்சோம். பாருங்க, ஆண், பெண், அதுக்கப்புறம் மூணாவதா ஒரு கட்டம். எல்லாம் உங்க படத்தப் பார்த்துட்டுதான்." அவரே டிக் போட்டார். அம்மாவின் பேரைக் கேட்டு, அம்மா சொன்ன பேரையே எழுதினார். அம்மா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அந்த எழுத்துகளை எட்டிப் பார்த்தாள். எந்த ஆஸ்பத்திரியும் அந்தப் பேரை அதுவரை எழுதியதில்லை.

பிறகு குமாஸ்தா கம்ப்யூட்டரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். காதைச் சொறிந்தார்.

"வார்டுன்னு கேக்குது. ஆண் வார்டு, பெண் வார்டுன்னு ரெண்டுதான் காட்டுது."

"அப்ப மூணாவது கட்டத்துக்கு?"

"கட்டம் வந்துருச்சும்மா. வார்டு இன்னும் வரல."

அவள் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். பெண்கள் வார்டு சிஸ்டர் அவளோடு ஒன்றாக டீ குடித்தவர்தான். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. மத்தவங்க ஒத்துக்கணும்ல?" என்று தணிந்த குரலில் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையாக இருந்த ஒரு பெண்மணி நாட்காட்டியைக் காட்டி, "உங்க போட்டோதானே? பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் பிடி தளர்ந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. இங்க பொம்பளைங்க துணி மாத்துவாங்கல்ல, அதான்."

ஆண்கள் வார்டில் பொறுப்பு நர்ஸ் ஒரேயடியாகக் கையை விரித்தார். "சேலையோட எப்படிம்மா ஆம்பளைங்க நடுவுல படுக்க வைப்பேன்? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான் தொங்க விடுவாங்க."

ஸ்ட்ரெச்சர் கீழே வரவேற்பு வராந்தாவில், சுவரோரமாக நின்றது. அங்கே இரண்டு வேலையாட்கள் ஏணி போட்டுச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விழா. அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, வாசலுக்கு எதிரே மாட்டப் போகிறார்கள். சிமெண்டுத் தூள் அம்மாவின் முகத்தில் விழுந்தது. அவள் துப்பட்டாவை எடுத்து அம்மாவை மூடினாள். சட்டத்தைத் தூக்கி நிறுத்தியபோது சுற்றியிருந்த காகிதம் ஒரு மூலையில் கிழிந்து முகம் தெரிந்தது.

"யாருடி அது, நீயா?" அம்மா துணியை விலக்கிப் பார்த்தாள். "மூக்கு என்னை மாதிரியே இருக்கே. பெத்தவள மாதிரிதானே இருக்கும்."

ஏணியில் நின்றவன் சிரித்துவிட்டான். அவளால் சிரிக்க முடியவில்லை. மணி பன்னிரண்டு ஆனது, இரண்டு ஆனது. நான்கு மணிக்கு அடுத்த ஊசி. அவசரப் பிரிவில் போய்க் கேட்டாள். வார்டு நம்பர் இல்லாமல் மருந்து எழுத முடியாது, வார்டில் போடுவார்கள் என்றார்கள். மேலதிகாரியின் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றாள். உள்ளே விழாவுக்கான கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மூன்றேகாலுக்கு சூப்பர்வைசர் வந்தார்.

"ஸ்ட்ரெச்சர் இங்க நிக்கக் கூடாதும்மா. தரை துடைக்கணும், பூத்தொட்டி வைக்கணும். எனக்கு இரக்கம் இல்லன்னு நினைக்காத. நாளைக்கு வர்றவங்க உன்னைப் பார்க்கத்தானே வர்றாங்க?"

அவர் போனதும் அம்மா கூப்பிட்டாள். "பழைய பேர எழுதிக் குடுடி."

"வேணாம்மா. உன் பேர்லயே படுக்கலாம்னு சொல்லித்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

"பேரா வலிக்குது? கால்தான்டி வலிக்குது."

சலவை அறைக்குப் பக்கத்தில், மடித்த துணி அடுக்கும் அறைக்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அம்மாவின் காதணியைக் கழற்றினாள். கண்ணாடி வளையல் வீங்கிய கையில் சிக்கியது. சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொன்றாக இழுத்தாள். ஒன்று உடைந்து மணிக்கட்டில் கீறிவிட்டது. பின்னலைச் சுருட்டித் தலைமேல் வைத்து, தியேட்டர்ப் பச்சைத் தொப்பிக்குள் திணித்தாள். ஆண் நோயாளிகளுக்கான சட்டையும் பைஜாமாவும் அடுக்கில் இருந்தன. முந்தின நாள் அவளே தேய்த்து அடுக்கியவை. சேலையை உருவிவிட்டு அதைப் போட்டுவிட்டாள். பித்தானை மாட்டும்போது அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்தச் சட்டையக் கழட்டத்தான் அன்னைக்கு வீட்ட விட்டு ஓடியாந்தேன். நாப்பது வருஷம் ஆச்சு."

அவள் அழுதாள். அழுதுகொண்டே கடைசிப் பித்தானையும் மாட்டினாள்.

குமாஸ்தா காலையில் எழுதிய விண்ணப்பத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். முதல் கட்டத்தில் டிக் போட்டதும் கம்ப்யூட்டர் உடனே எடுத்துக்கொண்டது. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

ஆண்கள் வார்டில் கட்டில் இல்லை. தூணோரம் தரையில் ஒரு பாய் கிடைத்தது. கட்டில்காரர்களுக்கு நம்பர் உண்டு, தரைக்காரர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. ஊசி நேரத்தில் சிஸ்டர் நடுவில் இருக்கும் மேஜையருகே நின்று பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார். கையைத் தூக்கினால் தட்டை எடுத்துக்கொண்டு வருவார். மூன்று தரம் கூப்பிட்டும் கை எழாவிட்டால், நோயாளி டீ குடிக்கவோ பீடி பிடிக்கவோ போய்விட்டான் என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த பேருக்குப் போவார். அறுபது பேருக்கு ஒரு சிஸ்டர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நான்கு மணிக்கு அந்தப் பழைய பேர் ஒலித்தது. அம்மா மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டபோதுதான் அவளுக்கே புரிந்தது. சட்டென்று அம்மாவின் கையை எடுத்து உயர்த்தினாள். ஊசி போட்டார்கள். இரவு பன்னிரண்டு மணி ஊசிக்கும் அவளே கையைத் தூக்கினாள்.

விடிந்ததும் துணியை விலக்கிப் பார்த்தாள். சிவப்பு நீலக் கோட்டுக்குக் கீழேயே நின்றிருந்தது. ஒரு விரற்கடை இறங்கியதுபோலக்கூட இருந்தது.

ஏழு மணிக்கு சூப்பர்வைசர் வெள்ளைச் சீருடையோடு வந்தார். சலவைக்காரர்களுக்கு நீலம்தான் சீருடை. படத்தில் இருப்பது வெள்ளை. "ஏழரைக்குக் கீழ வந்துடு. துணைக்கு இருக்கறவங்க எல்லாரையும் வெளிய அனுப்பச் சொல்லிட்டாங்க. விருந்தாளிங்க வார்டச் சுத்திப் பார்ப்பாங்களாம்."

"எட்டு மணிக்கு அப்பாவுக்கு ஊசி சார்." வார்டில் எல்லோரும் இருந்ததால் அப்பா என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"சிஸ்டர் எதுக்கு இருக்காங்க?"

பகல் சிஸ்டர் புதியவர். இந்த நோயாளி பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். காரணம் தெரிந்தால் பாயும் போய்விடும். அவள் பக்கத்துப் பாய்க்காரரிடம் போனாள். காலில் மாவுக்கட்டுப் போட்ட மனிதர், முந்தின நாள் அவளுக்கு ஆரஞ்சு கொடுத்தவர்.

"அண்ணா, அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பேர் கூப்பிட்டா அவர் கையப் பிடிச்சுத் தூக்கிடுங்க. அது போதும்."

"இதுல என்னம்மா இருக்கு. உங்க படத்த எங்க வீட்டு ஹால்ல மாட்டி வச்சிருக்கோம். கவலப்படாம போங்க."

பதினோரு மணிக்கு வரவேண்டிய விருந்தாளிகள் மூன்று மணிக்கு வந்தார்கள். அதுவரை அவள் அந்தப் பெரிய படத்துக்குப் பக்கத்தில், ஒரு பூத்தொட்டிக்கும் இன்னொரு பூத்தொட்டிக்கும் நடுவில் நின்றாள். மேலே போய்விட்டு வருகிறேன் என்று இரண்டு தரம் கேட்டாள். இதோ வந்துவிட்டார்கள் என்று இரண்டு தரமும் சொன்னார்கள். போட்டோக்காரம்மா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நல்லவள்தான். போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

"எத்தனை பேர் மனசு மாறியிருக்கு பாருங்க. இவர் என்ன எழுதியிருக்கார் தெரியுமா? இனிமே உங்கள மாதிரி யாரப் பார்த்தாலும் முகத்தத் திருப்ப மாட்டேன்னு எழுதியிருக்கார்."

"மேடம், எங்கம்மா மேல ஆம்பளைங்க வார்டுல தரையில கிடக்கறாங்க. சட்ட போட்டுப் படுக்க வச்சிருக்கேன்."

போட்டோக்காரம்மாவின் முகம் மாறிப்போனது. கண் கலங்கிவிட்டது. "விழா முடியட்டும். நானே பெரிய டாக்டர்கிட்ட பேசறேன். கண்டிப்பாப் பேசறேன்."

பெரிய டாக்டர் மேடையில் பேசினார். இந்த ஒரு படம் நம் ஆஸ்பத்திரியின் கண்ணைத் திறந்தது என்றார். விண்ணப்பத்தில் மூன்றாவது கட்டம் வந்துவிட்டது, தனி வார்டும் கூடிய சீக்கிரம் வரும் என்றார். கைதட்டல் ஓய நேரமானது. அதன் பிறகு தலைமை விருந்தாளியின் மனைவிக்கு ஒரு ஆசை. படத்தில் இருப்பதுபோலவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் எடுத்ததும் அடுத்தவர் வந்தார். வரிசை நீண்டது. மோதிரம் போட்ட கை, மருதாணிக் கை, வாசனைத் திரவியம் மணக்கும் கை. எதிர்ச் சுவர்க் கடிகாரம் நான்கு காட்டியது. அவள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"சார், ஊசி நேரம்."

"இன்னும் பத்துப் பேர்தான்மா" என்றார் சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்து. "சிரிச்ச முகமா நில்லு."

அவள் மேலே ஓடிவந்தபோது மணி ஐந்தரை. தூணோரம் அம்மாவின் பாய் மட்டும் தனியாகக் கிடந்தது. மாவுக்கட்டுக்காரரின் பாய் தூணுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அவர் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"காலையில தொப்பி கழண்டு விழுந்துச்சு. பின்னலப் பார்த்துட்டேன். நான் ஒண்ணும் யார்கிட்டயும் சொல்லலம்மா." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "கையத் தொட்டுத் தூக்கறதுன்னா... எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

மேஜைமேல் நோட்டு திறந்து கிடந்தது. பழைய பேருக்கு நேரே எட்டு மணிக்கும் நான்கு மணிக்கும், 'கூப்பிட்டபோது ஆள் இல்லை.' அவள் திரும்பி ஓடி, துணியை விலக்கினாள். நீலக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. சிவப்பு அதை மூழ்கடித்துவிட்டு முழங்காலுக்கு ஏறியிருந்தது. பாதம் கறுத்துவிட்டது. தொட்டால் கை சுட்டது.

அவள் போட்ட கூச்சலில் சிஸ்டர் வந்தார். சிஸ்டர் சொல்லி அந்தச் சின்ன டாக்டர் வந்தார். நோட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வெள்ளைச் சீருடையில் நிற்கும் அவளைப் பார்த்தார். மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னார். பிறகு அதே நீலப் பேனாவால் முழங்காலுக்கு மேலே, தொடையைச் சுற்றி இன்னொரு கோடு போட்டார்.

"காலையில தியேட்டர். கையெழுத்து யார் போடுவீங்க?"

"நான் போடறேன்."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மக" என்றாள்.

டாக்டரும் சிஸ்டரும் தாளை எடுத்துவரப் போனார்கள். பேச்சுச் சத்தத்தில் அம்மா கண்ணைத் திறந்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. வெள்ளைச் சீருடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "போட்டோல இருக்கற மாதிரியே வந்திருக்கியே" என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல் மேஜைப் பக்கம் பார்த்தாள்.

"யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்கடி. காலையில மூணு தடவை, இப்பக் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி மூணு தடவை. பாவம், அந்த ஆளு எங்க போனாரோ, வரவே இல்ல."

அவள் பாயில் உட்கார்ந்து, வளையல் கீறிய அந்தக் கையை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை மெல்ல மேலே தூக்கிப் பிடித்தாள். மேஜையருகே யாரும் இல்லை. அதற்குப் பின்னால் சுவரில் நாட்காட்டி தொங்கியது.